பஸ் முதலாளி கேட்ட விமானம்

லண்டன் பக்கத்து பஸ் முதலாளி எட்வர்டு ஹில்மன் விமானம் வாங்கப் போனது, நம்மூர் முதலாளி புது சேஸிஸ் வாங்கப் போகிற தோரணையில்தான். 1932-ல் அவரிடம் ஏற்கெனவே ஃபாக்ஸ் மாத் என்ற சின்ன விமானங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வண்டி அவருக்குப் பிடித்துப்போனது. அதே மாதிரி, ஆனால் இரண்டு இன்ஜினோடு, இரண்டு மடங்கு ஆள் ஏறுகிற மாதிரி ஒன்று செய்து கொடுங்கள், பாரிஸுக்கு விட வேண்டும் என்று டி ஹாவிலண்ட் கம்பெனியிடம் கேட்டார். வரைபடத்தில் இருக்கும்போதே நான்குக்கு ஆர்டர் கொடுத்தார். அந்த வருடம் நவம்பரில் லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஸ்டாக் லேன் மைதானத்திலிருந்து முதல் விமானம் மேலே போனது. டிசம்பரில் ஹில்மன் கைக்கு வந்துவிட்டது. டி.எச்.84 டிராகன் என்பது அதன் பெயர்.

விமான வரலாறு எழுதுகிறவர்கள் பொதுவாக இந்த விமானத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதில் புதுமை என்று காட்ட ஒன்றும் இல்லை. மரம், துணி, கம்பி, இரண்டடுக்கு இறக்கை. அது பறந்து மூன்று மாதம் ஆவதற்குள் அமெரிக்காவில் போயிங் 247 பறந்துவிட்டது: உடம்பு முழுக்க உலோகம், ஒற்றை இறக்கை, உள்ளே மடங்கும் சக்கரம். அதன் பக்கத்தில் டிராகனை நிறுத்தினால் பழைய சாமான் கடையில் எடுத்தது போலத்தான் இருக்கும். ஆனாலும் இரண்டு போர்களுக்கு நடுவே வந்த சின்னப் பயணி விமானங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். காரணம், எங்கள் குடும்பத்தில் பஸ் தொழில் இருந்தது. வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே டீசல், டயர், அன்றைய கலெக்ஷன், எந்த ரூட்டில் எந்த டிரிப் காலியாகப் போகிறது என்பதுதான். டிராகனைப் பற்றிப் படிக்கும்போது அந்தப் பேச்சுதான் எனக்குக் கேட்கிறது.

ஹில்மன் போர்ப்படையில் இருந்தவர். பிறகு டாக்சி ஓட்டினார். 1928-ல் ஒரு கோச் பஸ் வாங்கி, கிழக்கு லண்டனிலிருந்து எசெக்ஸ் பக்கம் விட்டார். கட்டணத்தைக் குறைத்து, ஓட்டத்தைக் கூட்டி, சில வருடத்திலேயே பெரிய வரிசையாக வண்டி வைத்திருந்தார். அதற்குள் 1930-ம் வருடத்து சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. எந்த ரூட்டில் யார் ஓட்டலாம் என்பதை இனி ஆணையர்கள் தீர்மானிப்பார்கள். பர்மிட் இல்லாமல் புது ரூட் இல்லை. பஸ் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை. ஹில்மன் மேலே பார்த்தார். அங்கே பர்மிட் ஆபீஸ் இல்லை. ஹில்மன்ஸ் சலூன் கோச்சஸ் அண்ட் ஏர்வேஸ் என்று ஒரே போர்டில் இரண்டையும் எழுதிக் கம்பெனி தொடங்கினார். ரோம்ஃபோர்டு அருகே மேலாண்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு புல்வெளியைப் பிடித்து, 1932 ஏப்ரலில் கிளாக்டன் கடற்கரைக்கு விமானம் விட ஆரம்பித்தார். பைலட்டும் அவர் கணக்கில் டிரைவர்தான். பைலட்டுகள் இதை ரசிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கேட்டதை டி ஹாவிலண்ட் சில மாதத்தில் செய்து கொடுக்க முடிந்ததற்குப் பின்னால் ஏழெட்டு வருட வேலை இருக்கிறது. அதில் பெரும்பகுதி இன்ஜின் வேலை. விமானத்தின் கதையை உடம்பிலிருந்து தொடங்குவது வழக்கம். இந்த விமானத்துக்கு இன்ஜினிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் அரசிடம் மலைபோல மிச்சச் சரக்கு கிடந்தது. அதை மொத்தமாக வாங்கி விற்க 1920-ல் ஒரு கம்பெனி உருவானது. ஏறக்குறைய 10,000 விமானம், 30,000 இன்ஜின் அவர்கள் கைக்குப் போனது. அதில் ரெனோ என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் வழியில் வந்த எட்டு சிலிண்டர் இன்ஜின்கள் நிறைய இருந்தன. நான்கு ஒரு பக்கம், நான்கு மறு பக்கம், வி வடிவம். ஃபிராங்க் ஹால்ஃபோர்டு என்ற இன்ஜினியர் அதை மெருகேற்றி 120 குதிரைசக்தி வரை கொண்டுவந்தார். ஏர்டிஸ்கோ என்று அதற்குப் பெயர். அந்த இன்ஜினைப் போட்டு 1924-ல் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஒரு சுற்றுலா விமானம் செய்தார். நல்ல விமானம், ஆனால் இன்ஜின் விலையிலேயே விமானத்தின் விலை எகிறிவிட்டது. மூன்றே மூன்றுதான் கட்டினார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எட்டு சிலிண்டர் இன்ஜின் விலை அதிகம் என்றால், பாதி போதுமே. ஹால்ஃபோர்டு வி-யின் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டார். நான்கு சிலிண்டர் வரிசையாக நிற்கிற மாதிரி புது கிராங்க் கேஸ் செய்து, பழைய இன்ஜினின் சிலிண்டர்களையும் மற்ற உதிரிகளையும் அப்படியே எடுத்துப் பூட்டினார். 60 குதிரைசக்தி. சிரஸ் என்று பெயர் வைத்தார்கள். காயலான் கடைச் சரக்கிலிருந்து ஒரு நாட்டின் சிவில் விமானத் தொழிலே கிளம்பியது என்று சொன்னால் மிகை இல்லை. 1925 பிப்ரவரி 22 அன்று அந்த சிரஸ் இன்ஜினோடு மாத் என்ற இரண்டு சீட் விமானம் பறந்தது. ஜெஃப்ரி டி ஹாவிலண்டே ஓட்டினார். அவருக்குப் பூச்சிகள் மீது பிரியம். அந்துப்பூச்சியின் பெயரை வைத்தார். அதற்குப் பிறகு வந்த குடும்பம் முழுக்க புஸ் மாத், ஃபாக்ஸ் மாத், டைகர் மாத் என்று பூச்சிகளாகவே போனது.

மாத் நன்றாக விற்றது. விற்க விற்க ஒரு சிக்கல்: போர்க்கால மிச்சம் என்றைக்காவது தீர்ந்துதானே ஆக வேண்டும். அடுத்தவன் கிடங்கை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? ஹால்ஃபோர்டையே அழைத்துச் சொந்தமாக ஒரு இன்ஜின் வடிவமைக்கச் சொன்னார் டி ஹாவிலண்ட். 1927-ல் ஜிப்சி வந்தது. அதை நம்ப வைக்க அவர்கள் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஓர் இன்ஜினை மாத் ஒன்றில் பூட்டி, யாரும் திறக்க முடியாதபடி சீல் வைத்துவிட்டு, ஒன்பது மாதத்தில் 600 மணி நேரம் பறக்கவிட்டார்கள். பிறகு பிரித்துப் பார்த்தபோது மாற்ற வேண்டியிருந்த சாமான்களின் விலை ஏழு பவுண்டு சொச்சம். குதிரைசக்தியைச் சொல்லி விற்பவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ரிப்பேர் பில்லைக் காட்டி விற்கிறவன்தான் முதலாளிகளின் மனசு தெரிந்தவன்.

ஜிப்சி படிப்படியாக வளர்ந்தது. மூன்றாவது வடிவத்தில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். கிராங்க் ஷாஃப்ட் மேலே, சிலிண்டர்கள் கீழே தொங்கும். இதனால் ப்ரொப்பெல்லர் தரையிலிருந்து உயர்ந்தது. ஒற்றை இன்ஜின் விமானத்தில் பைலட்டின் கண்ணெதிரே துருத்திக்கொண்டிருந்த சிலிண்டர் தலைகள் காணாமல் போயின. பதிலுக்கு ஒரு தொல்லை: நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கி சிலிண்டருக்குள் தேங்கும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ப்ரொப்பெல்லரைக் கையால் சில சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது இறுக்கிப் பிடித்தால் வேகம் காட்டக் கூடாது. காட்டினால் கனெக்டிங் ராடு வளையும். இன்றைக்கும் ஜிப்சி வைத்திருப்பவர்கள் பறக்கும் முன் இதைச் செய்கிறார்கள். 1932-ல் இதே வரிசையில் 130 குதிரைசக்தியோடு ஜிப்சி மேஜர் வந்தது. டிராகனில் இருந்தது அதுதான், இரண்டு.

இடையில் வந்த புஸ் மாத் 120 குதிரைசக்தி ஜிப்சி கொண்டது. மூடிய அறைக்குள் இரண்டு மூன்று பேர் உட்காரலாம். இதற்கு நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபாலை ஏற்றிக்கொண்டு அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவில் இறங்கியது புஸ் மாத்தில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1935 நவம்பரில் கொழும்பு ரத்மலானையில் முதன்முதலாக இறங்கியதும் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் புஸ் மாத்தே. ஆனால் புஸ் மாத்துக்குக் கெட்ட பெயரும் இருந்தது. சில விமானங்கள் பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தன. காரணம் கண்டுபிடித்து வலுப்படுத்துவதற்குள் பல உயிர் போய்விட்டது.

அடுத்தது ஃபாக்ஸ் மாத். ஆர்தர் ஹேக் என்ற வடிவமைப்பாளரின் வேலை. 1932 ஜனவரி 29-ல் பறந்தது. இது ஒரு விநோதமான வண்டி. இறக்கை, வால், சக்கரம், இன்ஜின் தாங்கி எல்லாம் டைகர் மாத்திலிருந்து அப்படியே எடுத்தது. புதிதாகச் செய்தது ஒட்டுப்பலகையில் ஒரு உடம்பு மட்டும். இன்ஜினுக்குப் பின்னால் ஒரு குட்டி அறை; அதில் மூன்று பேர் தாராளமாக, கிட்டத்துப் பயணம் என்றால் நான்கு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். பைலட் எங்கே? அறைக்குப் பின்னால், மேலே, திறந்த குழியில், மழையிலும் காற்றிலும். முன்னால் ஒரு சின்ன ஜன்னல் வழியாகக் குனிந்து பயணிகளைப் பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் வாங்கினவருக்குக் கூரை, சம்பளம் வாங்குகிறவருக்குக் குளிர். 120 குதிரைசக்தியில் நான்கு டிக்கெட் என்றால் ஆளுக்கு 30 வருகிறது. அரசு மானியம் இல்லாமலேயே விமானம் விட்டுக் காசு பார்க்க முடியும் என்று முதன்முதலாகக் காட்டியது ஃபாக்ஸ் மாத். ஹில்மன் அதில் மயங்கியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஒற்றை இன்ஜினோடு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பயணிகளைக் கொண்டுபோவது யாருக்கும் வயிற்றைக் கலக்கும் விஷயம். அதனால் இரண்டு இன்ஜின். அதே சமயத்தில் ஈராக் விமானப்படையும் இந்த அளவில் ஒரு பல்நோக்கு விமானம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வாடிக்கையாளர், ஒரே வடிவமைப்பு. ஹேக் வேலையில் இறங்கினார்.

டிராகனின் உடம்பு ஒரு நீளமான பெட்டி. ஸ்ப்ரூஸ் மரச் சட்டம், அதில் ஒட்டுப்பலகை அறைந்து, வெளியே துணி போர்த்தி, அதை இறுக்கிப் பிடிக்கும் டோப் என்ற பூச்சைப் பூசியது. பலகையை வலுப்படுத்தும் சட்டங்களை உள்ளே வைக்காமல் வெளிப்புறமாக வைத்தார்கள். அதனால் உள்பக்கம் மட்டமான சுவர், இடம் வீணாகவில்லை. இறக்கையும் மரம், அதன் மேல் லினன் துணி. இன்ஜினுக்கு வெளியே இருக்கும் இறக்கைப் பகுதியைப் பின்பக்கம் மடித்துவிடலாம். பறப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஷெட்டில் இடம் மிச்சம், வாடகை மிச்சம், அவ்வளவுதான். மூக்கில் பைலட் ஒரே ஆள், தனியாக. பக்கத்தில் இன்னொரு சீட் கிடையாது. கம்பியில்லாத் தந்தி பார்க்கத் தனி ஆள் கிடையாது. அவருக்குப் பின்னால் ஆறு பயணிகள், ஒவ்வொருவருக்கும் ஜன்னல், ஒவ்வொருவருக்கும் 20 கிலோ சாமான்.

உலோகத்தில் செய்வதென்றால் முதலில் அச்சு, அழுத்தும் இயந்திரம், ரிவெட் அடிக்கப் பழகிய ஆள் எல்லாம் வேண்டும். அந்த முதலீட்டைத் திரும்ப எடுக்கப் பெரிய எண்ணிக்கையில் விற்க வேண்டும். மரத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு சட்டத்தை இரண்டு அங்குலம் நகர்த்த வேண்டுமென்றால் ஆசாரி மறுநாள் நகர்த்திவிடுவார். கரூர் பஸ் பாடிப் பட்டறைகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்: பார்ட்டி வந்து கடைசி சீட்டை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள் என்பார், மேஸ்திரி சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போடுவார், அதுதான் டிராயிங். மரத்துக்குக் குறையும் உண்டு. அந்தக் காலத்து மர விமானங்களில் பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசையைத்தான் ஒட்டப் பயன்படுத்தினார்கள். ஈரமும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற ஊர்களில் அந்த ஒட்டு நிற்காது.

இப்போது கணக்குக்கு வருவோம். இரண்டு ஜிப்சி மேஜரும் சேர்ந்து மணிக்கு 13 கேலன் பெட்ரோல் குடிக்கும். பிரிட்டிஷ் கேலன் என்பதால் ஏறக்குறைய 60 லிட்டர். வேகம் மணிக்கு சுமார் 175 கிலோமீட்டர். லண்டனிலிருந்து பாரிஸ் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. ஆக ஒரு சிங்கிளுக்கு 120 லிட்டர் சொச்சம், ஆறு சீட்டும் நிறைந்தால் தலைக்கு 20 லிட்டர். ஒரே ஒரு பைலட் சம்பளம். இதே பாதையில் அரசு மானியத்தோடு ஓடிய இம்பீரியல் ஏர்வேஸ், ஹாண்ட்லி பேஜ் எச்.பி.42 என்ற ராட்சசனை வைத்திருந்தது. நான்கு இன்ஜின், ஒவ்வொன்றும் 500 குதிரைசக்திக்கு மேல், 38 பயணிகள், உள்ளே பரிமாறும் சாப்பாடு, மெத்தை நாற்காலி. அதன் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். டிராகன் அதைவிட வேகம்! குதிரைசக்தியை டிக்கெட்டால் வகுத்துப் பாருங்கள். எச்.பி.42-ல் தலைக்கு 50-க்கு மேல். டிராகனில் 43. அதைவிட முக்கியம், 38 சீட்டை நிறைப்பது ஒரு வேலை, ஆறு சீட்டை நிறைப்பது வேறு வேலை. பெரிய விமானம் பாதி காலியாகப் போனால் அடி பெரிது. சின்ன வண்டியில் கூட்டம் வந்தால் இன்னொரு டிரிப் அடிக்கலாம்.

போயிங் 247-க்கும் இதே வகுத்தலைச் செய்து பார்த்தேன். இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றும் 550 குதிரைசக்தி, பத்துப் பயணிகள். தலைக்கு 110. மணிக்கு 300 கிலோமீட்டர் போகும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகத்துக்குப் பின்னால் அமெரிக்கத் தபால் ஒப்பந்தங்களும், ஒரு கண்டம் அளவுக்கு நீளமான ரூட்டும் இருந்தன. ரோம்ஃபோர்டு பஸ் முதலாளிக்கு அது எதற்கு? தொழில்நுட்பத்தில் பின்தங்கியது என்று டிராகனைச் சொல்கிறவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. விமான வரலாறு என்றாலே எது முந்தி, எது உயரம், எது வேகம் என்று ஓட்டப்பந்தயம் மாதிரி எழுதிப் பழகிவிட்டார்கள்.

1933 ஏப்ரலில் ஹில்மனின் பாரிஸ் சேவை தொடங்கியது. கட்டணம் இம்பீரியலைவிடக் குறைவு. அதுவரை விமானத்தில் ஏறுவதை நினைத்தே பார்க்காத ஆட்கள், கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், ஏறினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்காட்லாந்திலும் டிராகனை முதலில் பிடித்துக்கொண்டவர் ஒரு பஸ்காரர்தான். ஜான் சோர்டு. மிட்லாண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ஏர் ஃபெரீஸ் என்ற பெயரில் மேற்குத் தீவுகளுக்கு விமானம் விட்டார். 1933 மே 14 அன்று இஸ்லே தீவில் ஒரு மீனவருக்கு வயிற்றில் ஆபத்தான நோய். ஜிம்மி ஓரெல் என்ற பைலட் டிராகனை எடுத்துக்கொண்டு போய், அவரைக் கிளாஸ்கோ பக்கத்து ரென்ஃப்ரூவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். படகும் சாலையுமாகப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம். ஸ்காட்லாந்தின் விமான ஆம்புலன்ஸ் சேவை அந்தப் பயணத்திலிருந்துதான் தன் வயதைக் கணக்கிடுகிறது. பாரா தீவில் ஓடுதளம் போட இடமே இல்லை. கடல் வற்றும்போது தெரியும் ஈரமணலில் இறங்கினார்கள். இன்றைக்கும் அங்கே அப்படித்தான், டைம் டேபிளை ஓதம் தீர்மானிக்கிறது. சோர்டு 1934-லேயே கடையை மூடிவிட்டார். வடக்கே இன்வெர்னஸில் விமானம் விட்ட கேப்டன் ஃபிரெசன் தாக்குப்பிடித்தார். 1934 மே 29 முதல் ஆர்க்னி தீவின் கிர்க்வாலுக்குச் சாதாரணத் தபால்தலைக் கட்டணத்திலேயே கடிதங்களை விமானத்தில் கொண்டுபோனார். 1936 மே 27-ல் அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் தன் முதல் பயணத்தைத் தொடங்கியதும் ஒரே ஒரு டிராகனோடு. டப்ளின் அருகே பால்டொனலிலிருந்து பிரிஸ்டலுக்கு ஐந்து பயணிகள். ஆறாவது சீட் காலி.

சாகசக்காரர்களும் டிராகனை விடவில்லை. ஏமி ஜான்சனும் அவர் கணவர் ஜிம் மொலிசனும் 1933 ஜூலையில், அறை முழுக்கப் பெட்ரோல் டேங்க் அடைத்த டிராகனில் வேல்ஸிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். நியூயார்க்கை எட்டும் முன்பே கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இறங்கப் பார்த்து நொறுங்கியது. இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். விமானத்தை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஞாபகார்த்தமாகப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

மலிவுக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒற்றை பைலட் என்றால், ஓட்டுவது, வழி பார்ப்பது, வரைபடத்தை மடியில் விரிப்பது, இன்ஜினைக் கவனிப்பது எல்லாம் ஒருவர் தலையில். வெயில் நாளில் பிரச்சினை இல்லை. மேகமும் மூடுபனியும் சேர்ந்தால் அவருக்கு உதவ ஆளில்லை. 1934 அக்டோபர் 2 அன்று பாரிஸ் நோக்கிப் போன ஹில்மனின் விமானம் ஒன்று மோசமான வானிலையில் ஃபோக்ஸ்டனுக்கு அருகே கடலில் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அது டிராகன் இல்லை, அதன் அடுத்த வடிவம். வாங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டாவது ஆள் இருந்திருந்தால் விழுந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் விலையைக் குறைக்கும்போது எங்கிருந்து குறைக்கிறார்கள் என்று பார்ப்பது பஸ் குடும்பத்துப் பிள்ளையின் பழக்கம்.

அந்த அடுத்த வடிவம் டிராகன் ரபீட். 1934 ஏப்ரல் 17-ல் ஹாட்ஃபீல்டில் பறந்தது. ஜிப்சியின் ஆறு சிலிண்டர் தம்பி, 200 குதிரைசக்தி, இரண்டு. இறக்கை நுனி கூர்மையாகக் குறுகும். சக்கரக் கால்களுக்கு நேர்த்தியான உறை. எட்டுப் பேர் வரை ஏறலாம். எல்லாம் சேர்த்து 700-க்கு மேல் கட்டினார்கள். 1936 ஜூலையில் ஸ்பெயின் தளபதி ஃபிராங்கோவைக் கேனரித் தீவுகளிலிருந்து மொராக்கோவுக்குக் கொண்டுபோய் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு வழி செய்ததும் லண்டன் குரோய்டனிலிருந்து வாடகைக்கு எடுத்த ஒரு ரபீட்தான். இரண்டாம் உலகப் போரில் பயிற்சிக்காக இதையே நூற்றுக்கணக்கில் கட்ட வேண்டி வந்தது. டி ஹாவிலண்டுக்கு மற்ற வேலையே தலைக்கு மேல். யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? லஃப்பரோவில் பஸ்ஸுக்கும் டிராமுக்கும் பாடி கட்டிக்கொண்டிருந்த பிரஷ் கோச்வொர்க்ஸிடம். முந்நூற்றுக்கும் மேல் கட்டினார்கள். இதைப் படித்த அன்று என் மாமாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "பாடி கட்டத் தெரிஞ்சவனுக்கு எதுவும் கட்ட வரும் மாப்ள, சேஸிஸ் யாரு தர்றாங்கறதுதான் கேள்வி," என்றார்.

டிராகனில் ஏறும் வாய்ப்பு கிடைக்கவில்லை, ரபீட்டில் ஏறியிருக்கிறேன். இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டு விமான அருங்காட்சியகத்தில் காசு கட்டினால் ஏற்றிக்கொண்டு போய் ஒரு சுற்று காட்டுகிறார்கள். கதவு இடதுபக்கம், பின்னால். வால் தரையில் படுத்துக் கிடப்பதால் உள்ளே நுழைந்ததும் மேட்டில் ஏறுகிற மாதிரி சாய்வாக நடந்து சீட்டுக்குப் போக வேண்டும். பைலட்டுக்குத் தனிக் கதவு இல்லை. நம்மைத் தாண்டித்தான் அவரும் மூக்குக்குப் போகிறார், மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டே. சுவரை விரலால் தட்டினேன். பலகைச் சத்தம். இன்ஜின் இரண்டும் பிடித்ததும் ஜன்னல் கண்ணாடி அதன் சட்டத்துக்குள் கடகடவென்று ஆடியது. புல்லில் கொஞ்ச தூரம் ஓடியதுமே வால் எழுந்தது, தரை மட்டமானது, எப்போது கிளம்பியது என்று தெரியாமல் கிளம்பிவிட்டது. பக்கத்து இறக்கைகளுக்கு நடுவே கட்டிய கம்பிகள் லேசாக அதிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பைலட்டின் முதுகு முழுக்கத் தெரிகிறது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்க அவருக்கு நேரமில்லை, இரண்டு கையும் இரண்டு காலும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தன.

ஹில்மனுக்கு என்ன ஆனது? பஸ்களை 1934-ல் அரசு அமைப்பு கையகப்படுத்திக்கொண்டது, இழப்பீடு கொடுத்தது. விமானக் கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனது. அந்த வருடம் டிசம்பர் 31 அன்று மாரடைப்பில் இறந்துபோனார். நாற்பத்தைந்து வயது. அடுத்த வருடம் அவர் கம்பெனி வேறு இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆனது. இன்றைய பிரிட்டிஷ் ஏர்வேஸ் வேறு, ஆனால் பெயர் முதலில் அங்கேதான் வந்தது.

பிரிட்டனில் 115 விமானத்தோடு டிராகனைக் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ரபீட் வந்த பிறகு அதைக் கேட்பார் இல்லை. ஆனால் 1942-ல் ஆஸ்திரேலிய விமானப்படைக்கு வழிகாட்டிகளையும் ரேடியோக்காரர்களையும் பயிற்றுவிக்க ஒரு விமானம் அவசரமாகத் தேவைப்பட்டது. ரபீட்தான் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கான ஆறு சிலிண்டர் இன்ஜின் அங்கே கிடைக்காது. நான்கு சிலிண்டர் ஜிப்சி மேஜரை டைகர் மாத்துக்காக உள்ளூரிலேயே உற்பத்தி செய்துகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், பத்து வருடப் பழைய வடிவமைப்பைத் தூசி தட்டி எடுத்து, சிட்னி அருகே பாங்க்ஸ்டவுனில் 87 டிராகன்களைக் கட்டினார்கள். போர் முடிந்ததும் அவை பறக்கும் மருத்துவர் சேவைக்கும், உள்நாட்டுச் சின்னக் கம்பெனிகளுக்கும் போயின. குவாண்டாஸ் சிலவற்றை நியூ கினிக்குக் கொண்டுபோய் மலைகளுக்கு நடுவே ஓட்டியது. இவ்வளவு குறைந்த சக்தியுள்ள விமானத்துக்கு அந்த மலைகள் பொருத்தமான இடமே இல்லை. சிலது திரும்பவில்லை.

இன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஏர் லிங்கஸ் தன் முதல் விமானத்தின் எண்ணையும் வண்ணத்தையும் பூசிய ஒரு டிராகனைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறது. ஃபிராங்கோ போன ரபீட் மாட்ரிட் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறிப் பறக்க வேண்டுமென்றால் டக்ஸ்ஃபோர்டுதான் எளிது. வெயில் காலத்தில் போங்கள், கனமான கேமரா பை வேண்டாம், உடல் எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். சீட் ஒதுக்கும்போது முன்வரிசை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இறக்கை மறைக்கும், வெளியே காட்சி கொஞ்சம் குறையும், ஆனால் பைலட் படும் பாட்டை முழுசாகப் பார்க்கலாம்.